டாய்கோகு ஏன் இரவில் மூடப்படுகிறது? ஜப்பானின் கார் உலகைக் காணச் செல்வோருக்கான பின்புலம்

2024ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டினர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகம். கோயில்களையும் செர்ரிப் பூக்களையும் இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டுக் கார்களைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் அவர்களுள் ஒரு தனிக் கூட்டம். அவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் டாய்கோகு. யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டிய இந்த நெடுஞ்சாலை வாகன நிறுத்துமிடத்தில் ஸ்கைலைன், சுப்ரா, ஆர்எக்ஸ்-7 போன்ற கார்கள் வரிசைகட்டி நிற்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு நேரில் மூன்று வகையான ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. சிலர் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் காவல்துறை ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொல்கிறது. சிலருக்கு, தம்மை அங்கே அழைத்துச் சென்ற காரே சட்டவிரோதமாக ஓடிய வாடகை வண்டி என்று பின்னால் தெரியவருகிறது. இன்னும் சிலர் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லாது என்பதால் வாடகைக் கார் கவுண்டரிலிருந்தே திரும்புகிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை மூன்றும் தொடர்பற்ற சிக்கல்கள். அடியில் இருப்பது ஒன்றுதான். சாலை, வரி, தகுதிச் சோதனை, வாகன நிறுத்தம் ஆகியவற்றைப் பற்றிய மிக நெருக்கமான விதிகளுக்குள்ளும் அவற்றின் ஓரங்களிலும் வளர்ந்ததுதான் ஜப்பானின் கார் பண்பாடு. அந்த விதிகள் தெரியாமல் போகிறவருக்குக் கார்கள் கண்ணில் படலாம். அவை ஏன் அங்கே, அப்படி நிற்கின்றன என்பது பிடிபடாது.

டாய்கோகு என்பது உண்மையில் என்ன

ஜப்பானிய விரைவுச்சாலைகளில் இரண்டு வகை ஓய்விடங்கள் உண்டு. உணவகங்கள், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றுடன் பெரிதாக இருப்பது சேவைப் பகுதி. கழிப்பறை, பானம் தரும் தானியங்கி இயந்திரங்கள், சிறு உணவுக்கூடம் என்று அளவோடு இருப்பது வாகன நிறுத்தப் பகுதி. டாய்கோகு இரண்டாம் வகை. டோக்கியோ மாநகரையும் சுற்றுப்புறத்தையும் இணைக்கும் ஷுட்டோ விரைவுச்சாலையின் வாங்கான் வழித்தடத்தில், கடலை மேடாக்கி உருவாக்கிய தீவொன்றின் மேல், டோக்கியோவின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அது அமைந்திருக்கிறது. வாங்கான் வழித்தடமும் டாய்கோகு கிளை வழியும் சந்திக்கும் இடத்தில் மேம்பாலங்கள் வட்டமடித்து இறங்குகின்றன. அந்த வட்டங்களின் நடுவே கிடக்கும் நிலத்தில்தான் வாகன நிறுத்தம். கார்களை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் அடுக்கடுக்காகச் சாலைகள் சுழல்வதும், அவற்றில் சரக்கு லாரிகளின் விளக்குகள் வளைந்து செல்வதும் தெரியும். படமெடுப்பவர்களை இந்த இடம் ஈர்ப்பதற்குப் பாதிக் காரணம் இந்த அமைப்பே.

அந்த அமைப்பிலிருந்தே சிக்கல்களும் தொடங்குகின்றன.

1. விரைவுச்சாலைக்குள் இருப்பதால் அங்கே செல்லப் பொதுமக்களுக்கான நடைவழி இல்லை. ரயில் நிலையம் இல்லை. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும் தெருவிலிருந்து வேலி தாண்டி நுழைய முடியாது. விரைவுச்சாலையில் நடப்பது சட்டப்படி குற்றம். டாக்சியில் போய் இறங்கிவிட்டு வண்டியை அனுப்பிவிட்டால் திரும்பி வர வழி இருக்காது.

2. அந்த இடத்தின் சட்டப்படியான பயன் ஓட்டுநர்களின் ஓய்வு. துறைமுகத்திலிருந்து நெடுந்தூரம் செல்லும் லாரி ஓட்டுநர்கள் தூங்குவதும் சாப்பிடுவதும் அங்கேதான். ஆர்வலர்களின் கார்கள் லாரிகளுக்கான இடங்களை அடைத்துக்கொள்ளும்போது நெரிசல் பின்னோக்கி நீண்டு, வேகமாக வண்டிகள் வரும் விரைவுச்சாலையையே தொட்டுவிடுகிறது. காவல்துறை வாயிலை அடைப்பதற்கான முதன்மைக் காரணம் இது. என்ஜினை உறுமவிடுவதும் டயரைத் தேய்த்துப் புகை கிளப்புவதும் அதற்கு மேல் சேர்ந்துகொள்ளும் காரணங்கள்.

3. மூடப்படும் நேரத்துக்கு நிலையான அட்டவணை கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஒன்பது மணியை ஒட்டி மூடப்படுவது வழக்கமாகிவிட்டது. புத்தாண்டு இரவு போன்ற நாள்களில் அதற்கு முன்பே நடக்கும். சாலையோர மின்பலகையில் மூடல் அறிவிப்பு ஒளிரும். உள்ளே இருப்பவர்களைச் சுற்றுக்காவல் வண்டிகள் வெளியேற்றும்.

ஆகவே, கார்களை நின்று நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு வார இறுதி இரவைவிட ஞாயிற்றுக்கிழமை காலை எவ்வளவோ மேல். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்த உரிமையாளர்கள். எழுபது, எண்பதுகளின் கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து, காபி குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். இரவுக் கூட்டத்தின் புகழ் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே சொல்ல வேண்டும்.

அழைத்துச் செல்லும் காரின் எண் பலகை

கார் இல்லாமல் போக முடியாது என்பதால், "உங்களை ஸ்கைலைன் ஜிடி-ஆரில் டாய்கோகுவுக்கு அழைத்துச் செல்கிறோம்" என்ற சேவைகள் சமூக ஊடகங்களில் பெருகியிருக்கின்றன. இவற்றின் சட்டத்தன்மையை அறிய எண் பலகையின் நிறம் போதும். தமிழ்நாட்டில் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது எப்படிக் குற்றமோ அப்படியே ஜப்பானிலும் குற்றம். வேறுபாடு நிறங்களில்தான் இருக்கிறது: கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றும் வண்டிக்கு அங்கே பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, தனியார் காருக்கு வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து. நம் ஊரில் டாக்சியைக் குறிக்கும் மஞ்சள் நிறம் அங்கே சிறுவகைத் தனியார் கார்களுக்கு உரியது. இந்த ஒற்றுமையை நம்பி மஞ்சள் பலகைக் காரை டாக்சி என்று எண்ணிக் கைகாட்டினால் அது நிற்காது.

வெள்ளைப் பலகைக் காரில் பணம் வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றுவது, சாலைப் போக்குவரத்துத் தொழிலுக்கான உரிமம் இல்லாமல் டாக்சி ஓட்டுவதற்குச் சமம். தண்டனை ஓட்டுநருக்குத்தான் என்றாலும், விபத்து நேர்ந்தால் தனிப்பயன்பாட்டுக் காப்பீடு கட்டணப் பயணத்தை ஏற்க மறுக்கலாம் என்பது பயணியையும் பாதிக்கும். பயணிக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன: உரிய அனுமதியுடன் பச்சைப் பலகை வண்டிகளை இயக்கும் சுற்றுலா நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, அல்லது தானே வாடகைக் கார் எடுத்து ஓட்டுவது. வாடகைக் காரின் பலகையில் எண்ணுக்கு இடப்புறம் 'வா' அல்லது 'ரே' என்ற ஒற்றை ஜப்பானிய ஹிராகானா எழுத்து இருக்கும். காவலரும் சாலையில் செல்லும் பிறரும் அதைப் பார்த்தே இது வாடகை வண்டி என்று அறிந்துகொள்கிறார்கள்.

சுங்கக் கட்டணமும் வட்டமடித்தலும்

ஷுட்டோ விரைவுச்சாலையின் முதல் பகுதி 1962 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1964 ஒலிம்பிக்குக்கு முன் நெரிசலான நகருக்குள் நிலம் கையகப்படுத்த நேரமில்லாததால் கால்வாய்களுக்கும் ஆறுகளுக்கும் மேலேயே பெரும்பகுதி கட்டப்பட்டது. அதனால்தான் அந்தச் சாலை குறுகலாகவும், எதிர்பாராத வளைவுகளோடும், வலப்புறத்திலிருந்து வந்து சேரும் நுழைவுகளோடும் இருக்கிறது. நகரின் மையத்தைச் சுற்றும் சி1 எனப்படும் உள்வட்டப் பாதையின் நீளம் 14.8 கி.மீ. ஒரு பந்தயத்தடத்தின் எல்லா இயல்புகளும் அதற்கு உண்டு. அதன் பெரும்பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகமோ மணிக்கு 50 கி.மீ.தான்.

இந்தப் பாதையில் இரவெல்லாம் சுற்றுகிற பழக்கம் எப்படி உருவாயிற்று என்பதற்குச் சுங்கக் கட்டண முறையும் ஒரு காரணம். 2011 வரை டோக்கியோ பகுதியில் ஒருமுறை நுழைந்தால் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஒரே கட்டணம், 700 யென். 2012 முதல் தூரத்துக்கேற்ற கட்டணம் வந்தது. ஆனாலும் நுழைந்த வாயிலுக்கும் வெளியேறிய வாயிலுக்கும் இடையிலான தூரமே கணக்கில் கொள்ளப்படுவதால், வட்டத்தில் எத்தனை முறை சுற்றினாலும் கட்டணம் கூடுவதில்லை. 2022 ஏப்ரலில் சாதாரணக் காருக்கு மின்னணுச் சுங்க முறையில் குறைந்தது 300 யென், மிஞ்சிப்போனால் 1,950 யென் என்று நிர்ணயிக்கப்பட்டது.

இங்கே பயணி கவனிக்க வேண்டியது இடிசி எனப்படும் மின்னணுச் சுங்க அட்டை. நம் ஃபாஸ்டேக் கண்ணாடியில் ஒட்டப்படுவது. இடிசியில் காருக்குள் உள்ள கருவியில் அட்டையைச் செருக வேண்டும். ரொக்கமாகச் செலுத்துபவரிடம் அந்த வழியின் உச்சக் கட்டணமே பெரும்பாலும் வசூலிக்கப்படுகிறது. மேலும் 2022 முதல் ரொக்கம் ஏற்காத வாயில்கள் ஒவ்வொன்றாகக் கூடிவருகின்றன. வாடகைக் காரை முன்பதிவு செய்யும்போதே அட்டையையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

சோதனையும் வரியும் உருவாக்கிய கார்கள்

ஜப்பானியச் சாலைகளில் துருப்பிடித்த, புகை கக்கும் காரைக் காண்பது அரிது. இதற்குத் தேசியக் குணம் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அதைவிட எளிய விளக்கம் ஷாகென். இது நம் ஊரில் வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. காட்டுவதைப் போன்ற கட்டாயத் தகுதிச் சோதனை. ஆனால் தனியார் கார்களுக்கும் பொருந்தும், புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வரும். சோதனைக் கட்டணத்தோடு எடை வரியும் கட்டாயக் காப்பீடும் சேர்ந்தே செலுத்தப்படுவதால் ஒவ்வொரு முறையும் கணிசமான தொகை கைவிட்டுப் போகும். பெட்ரோல் கார் 13 ஆண்டைத் தாண்டினால் ஆண்டு வாகன வரி ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும்; எடை வரி 13ஆம் ஆண்டிலும் 18ஆம் ஆண்டிலும் உயரும். பழைய காரை வைத்திருப்பவர் அதை விரும்பியே வைத்திருக்கிறார் என்பது இதனால் உறுதி. டாய்கோகுவில் காணும் முப்பது வயதுக் கார்கள் அவ்வளவு பளிச்சென்று இருப்பதன் பொருளும் இதுவே: பராமரிக்க மனமில்லாதவர்கள் எப்போதோ விற்றுவிட்டார்கள்.

மாற்றியமைத்த கார்களும் இந்தச் சோதனையைக் கடந்தாக வேண்டும். 1995இல் விதிகள் தளர்த்தப்பட்டபின் பல உதிரிபாக மாற்றங்கள் சட்டப்படி எளிதாயின. ஆனால் எல்லைகள் எண்களாக இருக்கின்றன. தரையிலிருந்து காரின் அடிப்பாகம் குறைந்தது 9 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சைலன்சரின் ஓசைக்கும் டெசிபல் வரம்பு உண்டு. வரம்பை மீறிய காரைச் சாலையில் பிடித்தால் கண்ணாடியில் ஆணைச் சீட்டை ஒட்டி, 15 நாளுக்குள் சரிசெய்து காட்டச் சொல்வார்கள். தாழ்ந்து கிடக்கும் கார்களில் சில, சக்கரங்களின் நிலையும் உயரமும் நூலிழையில் அளந்து அமைக்கப்பட்டிருப்பதன் காரணம் அழகுணர்வு மட்டுமன்று.

அளவுகளின் ஆட்சி இன்னும் தெளிவாகத் தெரிவது கேய் எனப்படும் சிறுவகைக் கார்களில். போருக்குப்பின் மக்களுக்குக் கட்டுப்படியாகும் வண்டி வேண்டும் என்று 1949இல் தொடங்கிய இந்த வகையின் இன்றைய வரம்பு: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சிசி. ஆற்றல் 64 குதிரைத்திறன் என்பது சட்டம் அல்ல, நிறுவனங்கள் தாமே ஏற்றுக்கொண்ட உச்சம். இந்தப் பெட்டிக்குள் அடங்கினால் ஆண்டு வரி 10,800 யென். புதிதாகப் பதிவான இரண்டு லிட்டர் காருக்கோ 36,000 யென். இதோடு 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார் வாங்க விரும்புபவர் தன் இருப்பிடத்திலிருந்து 2 கி.மீ.க்குள் நிறுத்த இடம் இருப்பதைக் காவல் நிலையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். இரவில் தெருவில் நிறுத்தி வைக்க முடியாது. ஊர்ப்புறங்களில் கேய் கார்களுக்கு இந்த நிபந்தனை தளர்வாக இருக்கிறது. ஜப்பானியத் தெருக்கள் குறுகலாக இருந்தும் அடைபடாமல் இருப்பதும், வீட்டு முகப்பில் ஒரு காருக்கு மட்டும் அளந்தெடுத்ததுபோல் இடம் இருப்பதும் இவற்றின் விளைவுகள்.

தடைக்குள் விளையாடுவதில் ஜப்பானியப் பொறியாளர்களின் திறமை வெளிப்பட்டது 1991, 1992ஆம் ஆண்டுகளில். ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சினோ, மாஸ்டா தயாரித்து ஆட்டோஸாம் பெயரில் விற்ற ஏஇசட்-1 ஆகிய மூன்றும் அதே 64 குதிரைத்திறனுக்குள் மூன்று வேறு விடைகள். பீட்டில் டர்போ இல்லாத என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால். கப்புச்சினோவில் டர்போ என்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். ஏஇசட்-1இன் கதவுகள் பறவைச் சிறகுபோல் மேலே திறப்பவை. பெரிய கார்களைத் தேடிப் போகிறவர்கள் இவற்றைக் கவனிக்காமல் கடந்துவிடுவது பெரும் இழப்பு. இந்திய வாசகர்களுக்கு இந்த வகையோடு நேரடி உறவும் உண்டு: 1983 டிசம்பரில் முதல் சாவி வழங்கப்பட்ட மாருதி 800, சுசுகியின் ஆல்டோ என்ற கேய் காரில் பெரிய என்ஜினைப் பொருத்தி உருவாக்கப்பட்டது.

பெரிய கார்களுக்கும் இப்படியொரு தாமே விதித்த வரம்பு இருந்தது. சாலை விபத்துச் சாவுகள் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிய காலத்தில், அரசின் கெடுபிடிக்கு முன்பே உற்பத்தியாளர்கள் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். 1989இல் மீண்டும் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் உட்பட அக்காலத்து உச்சக் கார்கள் பலவற்றின் விவரக்குறிப்பிலும் அதே 280 என்ற எண் இருப்பது இதனால்தான். 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனோடு வந்தபோது அந்த உடன்பாடு முடிவுக்கு வந்தது. தாளில் எழுதிய எண்ணுக்கும் என்ஜினின் உண்மையான திறனுக்கும் இடையே நிறுவனங்கள் விட்டுவைத்த இடைவெளியிலிருந்துதான் அந்தத் தலைமுறையின் மாற்றியமைக்கும் தொழில் செழித்தது.

பழைய கார்கள் எங்கே போகின்றன

அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகள் 25 ஆண்டு கடந்த கார்களுக்குப் பொருந்தா. கனடாவில் அது 15 ஆண்டு. ஆர்34 வகை ஜிடி-ஆர் 1999 ஜனவரியில் வெளிவந்தது. ஆகவே 2024 முதல் அது அமெரிக்காவுக்குச் சட்டப்படி போகலாம். இந்தத் தேதி நெருங்க நெருங்க விலை ஏறியது. திருட்டுக்கு அஞ்சிப் பல உரிமையாளர்கள் காரைப் பூட்டிய கொட்டகையைவிட்டு வெளியே எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய காணொளிகளை நம்பிப் போகிறவர் சாலையில் அவற்றைக் குறைவாகவே காண்பார்.

வெளியேறும் கார்கள் ஏலக்கூடங்கள் வழியாகப் போகின்றன. யுஎஸ்எஸ் போன்ற நிறுவனங்கள் நடத்தும் இந்த ஏலங்களில் உறுப்பினரான வணிகர்கள் மட்டுமே கலந்துகொள்ள முடியும். பயணி வெறுமனே வேடிக்கை பார்க்க நுழைய முடியாது. ஒவ்வொரு காருக்கும் ஒரு தாளில் ஆய்வாளர் மதிப்பெண் இடுகிறார்: 4.5, 4, 3.5 என்று. பெரிய விபத்துக்குப்பின் சட்டகம் பழுதுபார்க்கப்பட்டிருந்தால் எண்ணுக்குப் பதில் 'ஆர்' என்ற எழுத்து. தாளின் மூலையில் காரின் வரிவடிவம் இருக்கும். அதில் 'ஏ1' என்றால் சிறு கீறல், 'யு1' என்றால் சிறு நசுங்கல், 'டபிள்யூ' என்றால் டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த தடம், 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. இலங்கை வாசகர்களுக்கு இந்தத் தாள் புதிதன்று. அங்கே ஓடும் கார்களில் பெரும்பங்கு இவ்வழியாக வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தியாவில் நிலைமை வேறு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய விதி இடந்தருவதில்லை. ஆகவே தொண்ணூறுகளின் ஜப்பானியக் காரை வாங்கிக் கொண்டுவரும் கனவை இந்தியர்கள் ஜப்பானிலேயே விட்டுவர வேண்டியதுதான்.

மலைச்சாலைகள்

சறுக்கி ஓட்டும் கலை பிறந்த மலைவழிகளைத் தேடி குன்மா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பலர். ஹருனா, அகாகி, உசுய் ஆகிய மூன்றும் மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் வழியாக உலகறிந்தவை. உசுய் கணவாயின் பழைய 18ஆம் எண் சாலையில் 184 வளைவுகள்; ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'சி' என்ற எழுத்தோடு வரிசை எண் பொறித்த சிறு பலகை நிற்கும். வழியில் 1892இல் கட்டிய செங்கல் வளைவு ரயில் பாலம் ஒன்றும் இருக்கிறது. தோச்சிகி மாநிலத்தில் நிக்கோ அருகேயுள்ள இரோஹாசகாவில் ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு வேறொரு சாலை. இரண்டிலும் சேர்த்து 48 வளைவுகள்.

போகிறவர் எதிர்பார்க்காத ஒன்று, சாலையின் மேற்பரப்பு. சறுக்கி ஓட்டுபவர்களைத் தடுப்பதற்கென்றே ஹருனா போன்ற இடங்களில் வளைவுகளில் குறுக்கு மேடுகள் போடப்பட்டிருக்கின்றன. பகலில் அளவான வேகத்தில் ஓட்டுபவருக்கு அவை இடைஞ்சல் இல்லை. வேகத்துக்கென்றே போகிறவர் அறிய வேண்டியது: சாதாரணச் சாலையில் வரம்பைவிட 30 கி.மீ., விரைவுச்சாலையில் 40 கி.மீ. கூடினால் அது அபராதத்தோடு முடியாமல் குற்ற வழக்காகும். மது அருந்தி ஓட்டினால் ஓட்டுநர் மட்டுமன்றி உடன் அமர்ந்தவரும் மது வழங்கியவரும் தண்டனைக்கு உள்ளாவார்கள். ஹகோனே டர்ன்பைக் என்ற தனியார் சுங்கச்சாலை இரவில் மூடப்பட்டாலும், நல்ல மேற்பரப்பும் ஃபுஜி மலைக் காட்சியும் கொண்டது. அதன் உச்சியில் உள்ள டாய்கான்சான் நிறுத்துமிடத்தில் வார இறுதிக் காலைகளில் கூடும் கார்களின் தரம் டாய்கோகுவுக்குக் குறைந்ததல்ல.

அருங்காட்சியகங்களும் பந்தயத்தடங்களும்

பழைய வழிகாட்டிகளில் முதலிடம் பெற்ற, டோக்கியோவின் ஒடாய்பா பகுதியில் இருந்த டொயோட்டாவின் காட்சியகமான மெகா வெப் 2021 டிசம்பருடன் மூடப்பட்டுவிட்டது. இன்று பார்க்கத்தக்கவை டோக்கியோவுக்கு வெளியேதான். நகோயா அருகே நாகாகுதேயில் உள்ள டொயோட்டா கார் அருங்காட்சியகம் (1989) தன் நிறுவனத்தின் கார்களை மட்டும் காட்டாமல் கார் என்னும் பொருளின் வரலாற்றையே காட்டுகிறது. நகோயா நகருக்குள் இருக்கும் டொயோட்டாவின் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்தின் பாதி, தறிகள். அந்நிறுவனம் நெசவு இயந்திரத்திலிருந்து காருக்கு வந்த பாதையை ஓடும் தறிகளைக் கொண்டே விளக்குகிறார்கள். சுசுகியும் 1909இல் தறி செய்யத் தொடங்கிய நிறுவனமே; அதன் காட்சியகம் ஹமமட்சுவில். இரண்டையும் பார்ப்பவருக்கு ஜப்பானியக் கார்த் தொழிலின் வேர் எங்கே என்பது தானாகப் புரியும்.

ஹிரோஷிமாவில் மாஸ்டா அருங்காட்சியகம் ஆலை வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் முன்பதிவின்றி அனுமதியில்லை. 1991இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார், நான்கு சுழலிகள் கொண்ட ரோட்டரி என்ஜின் பொருத்திய 787பி. அந்த வெற்றியின் கதை அங்கே சொல்லப்படுகிறது. மோட்டெகியில் உள்ள ஹோண்டா அருங்காட்சியகத்துக்கு ரயில் வசதி இல்லை. கார் அல்லது பேருந்தில்தான் போக வேண்டும்.

பந்தயத்தடங்களில் சுசுகா (1962) எட்டு வடிவில் தன்னையே கடந்து செல்லும் 5.807 கி.மீ. தடம். அங்கே நடக்கும் ஃபார்முலா 1 போட்டி 2024 முதல் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தத்துக்கு மாறிவிட்டது. அக்டோபர் பயணத்தைத் திட்டமிடுவோர் இதைத் தவறவிடுகிறார்கள். ஃபுஜி ஸ்பீட்வேயின் நேர்ப்பாதை ஏறத்தாழ 1.5 கி.மீ.; அங்கேயே 2022இல் ஒரு பந்தய அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. உள்நாட்டுப் பந்தயமான சூப்பர் ஜிடியைக் காண்பது ஃபார்முலா 1ஐவிட மலிவு. ரசிகர்கள் கார்களையும் ஓட்டுநர்களையும் அருகில் சென்று பார்க்கும் வாய்ப்பும் அதிகம். மாற்றியமைத்த கார்களுக்கான டோக்கியோ ஆட்டோ சலோன் ஒவ்வொரு ஜனவரியிலும் சிபாவில் உள்ள மக்குஹாரி மெஸ்ஸேயில் நடக்கிறது. ஒரே பயணத்தில் ஒன்றுக்கே நேரம் கிடைக்கும் என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

யார், எந்த அனுமதியோடு ஓட்டலாம்

ஜப்பான் ஏற்பது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை மட்டுமே. 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் அனுமதி, பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும் அங்கே செல்லாது. இதன் விளைவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

1. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் அனுமதிகள் ஏற்கப்படுகின்றன. இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்குகிறது, அதன் அளவையும் அமைப்பையும் நாடு முழுவதும் ஒரே மாதிரியாக்கும் அறிவிப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. சொந்த நாட்டு உரிமமும் பாஸ்போர்ட்டும் உடன் இருக்க வேண்டும்.

2. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் வாழும் தமிழர்கள், அந்நாட்டு உரிமத்துடன் ஜப்பானிய மொழிபெயர்ப்பைப் பெற்று ஓட்டலாம். ஜாஃப் எனப்படும் ஜப்பான் ஆட்டோமொபைல் கூட்டமைப்பு அதை இணையவழி வழங்குகிறது.

3. பிரிட்டன் இரு உடன்படிக்கைகளின் அனுமதியையும் வழங்குவதால் விண்ணப்பிக்கும்போது 1949 என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

4. அனுமதியின் காலம் வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு. புதுப்பித்தல் ஜப்பானில் நடக்காது.

சாலையின் இடப்புறம் ஓட்டுவது நமக்குப் பழகியதே. பழகாதவை இரண்டு: தலைகீழான சிவப்பு முக்கோணம்தான் அங்கே நிறுத்தக் குறி, அதன்முன் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், ரயில்வே கடவு திறந்திருந்தாலும் நின்று பார்த்தே கடக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கார்களை வாடகைக்கு விடும் சிறப்பு நிறுவனங்களில் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படிப்பது தகும். சாதாரண வாடகைக் காரில் காப்பீடு பெரும்பாலான சேதத்தை ஏற்றாலும், பழுதுபார்க்கும் நாள்களில் வண்டி ஓடாததற்கான இழப்பீட்டைத் தனியாக வசூலிப்பார்கள். பழைய கார்களில் அந்தத் தொகையும், வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய சேதப் பங்கும் பன்மடங்கு உயர்ந்திருக்கும். கிளட்ச் தேய்மானமும் டயர் சேதமும் காப்பீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கலாம். பந்தயத்தடத்தில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். குளிர்காலத்தில் மலைப்பக்கம் போவதானால் பனி டயர் பொருத்தப்பட்டுள்ளதா என்று கேட்க வேண்டும். விளையாட்டு வகைக் கார்களுக்கு அவற்றை வைத்திருக்கும் நிறுவனங்கள் குறைவு.